நெல்டா இறக்கி வைத்த அரைக் கட்டை

நெல்டா ஸ்வைகார்ட் பொய் சொல்லமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை எந்த ஊரில் இருந்தாலும் பாப்டிஸ்ட் தேவாலயம் எங்கே என்று விசாரித்து, போய் உட்கார்ந்து ஜெபித்துவிட்டு வருகிறவள். ஆனால் யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஜார்ஜியா முழுக்கத் தேடினாலும் ஆள் கிடைக்காது. அப்படி ஆறு வருஷம் அவள் வாயைத் திறக்காமல் இருந்ததால்தான் எங்கள் குழு ஆறு வருஷம் கூடுதலாக மேடை ஏறியது. அந்தத் திருட்டில் எனக்கும் பங்கு உண்டு. அடுத்தவன் கண்ணும் காதும் வைத்துச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுவது நல்லது.

எங்கள் ராக் குழுவின் பெயர் டர்பன்டைன் சண்டே. அந்தப் பெயரைக் கேட்டதும் உங்கள் முகம் மலர்ந்தால் உங்களுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். நான் ஆர்லிஸ், ஆர்கன் வாசிக்கிறவன். பாடுகிறவன் லவான் டில்லரி. முன்னணி கிதார் ஹோய்ட் பர்க்கால்ட்டர். லவானும் ஹோய்டும் ஒரே தெருவில் பிறந்து, ஒரே பள்ளிக்கூடத்தில் அடி வாங்கி, ஒரே பெண்ணைக் காதலித்தவர்கள். அவள் இரண்டு பேரையும் வேண்டாம் என்று சொல்லி ஒரு பல் டாக்டரைக் கட்டிக்கொண்டாள். அந்தத் துக்கத்தில் ஆரம்பித்த குழு ஐம்பது வருஷத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

நெல்டா எங்களிடம் வந்து சேர்ந்தது இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால். தெற்கே ஒரு திருவிழாவில் காலையில் சாமான் இறக்கும்போது ஹோய்டின் கிதார் கீழே விழுந்து கழுத்துப் பக்கம் பிளந்துவிட்டது. ஹோய்ட் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். பக்கத்துக் கடையில் அவித்த வேர்க்கடலை வாங்கிக்கொண்டிருந்த ஒருத்தி, தோலைத் துப்பிவிட்டு, "ஒப்பாரி வைக்காம இப்படிக் குடுங்க" என்று வாங்கிப் பார்த்தாள். சுற்றுவட்டாரத் தேவாலயங்களில் பியானோவுக்குச் சுருதி சேர்க்கிறவளாம். மரப்பசை தடவி, சைக்கிள் டியூப்பை வைத்து இறுக்கிக் கட்டி வெயிலில் வைத்தாள். சாயங்காலம் கிதார் பாடியது. மறுநாள் எங்கள் வண்டியில் அவளும் இருந்தாள். யார் கூப்பிட்டது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அதிலிருந்து எங்கள் எல்லா வாத்தியங்களும் அவள் பொறுப்பு. அவள் இருக்கும்போது கெட்ட வார்த்தை பேசினால், பேசினவன் போய்த் தன் ஒலிபெருக்கியைத் தொட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். எழுபது வயது ஆம்பிளைகள் கறுப்புப் பெட்டி முன்னால் குனிந்து நிற்பதைப் பார்த்தவர்கள், இது ஏதோ புது மதம் என்றே நினைப்பார்கள்.

திருட்டுக்கு வருகிறேன். எங்கள் கச்சேரியின் கடைசி உருப்படி எப்போதும் 'நொண்டிக் கழுதை'. இசைத்தட்டில் நாலு நிமிஷம்; மேடையில் பதினெட்டு நிமிஷம். கிதார்கள் மாறி மாறி ஓடி, டிரம் வெளுத்து வாங்கி, எல்லாம் அடங்குகிற இடத்தில் லவான் உச்சியில் ஒரு கூவல் கூவ வேண்டும். ஜனங்கள் வருவதே அதற்குத்தான். பாட்டு ஆரம்பிக்குமுன் ஹோய்ட் மைக்கைப் பிடித்து ஒவ்வொரு ஊரிலும் ஒரே வசனம் சொல்வார்: "எழுபத்து நாலுல பதிவு பண்ணோம். அன்னிக்கும் மூணு கட்டை, இன்னிக்கும் மூணு கட்டை! என்னிக்கு சுருதிய இறக்குறோமோ, அன்னிக்கு நான் கிதார ஆணியில மாட்டிட்டுத் தர்பூசணி போடப் போயிடுவேன்!" கூட்டம் தொப்பியை வீசும். சும்மா சொல்லவில்லை, தர்பூசணிக்கு நிலமும் வாங்கி வைத்திருந்தார். பிடிவாதத்தில் கழுதை தோற்கும். அவர் போய்விட்டால் குழு கிடையாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கச்சேரியில் லவானுக்கு உச்சிக் கூவல் எட்டவில்லை. இருமலை வைத்துச் சமாளித்தான். மறுநாள் லாரிக்குப் பின்னால் நெல்டாவிடம் போய் நின்றான். நானும் அங்கே இருந்தேன்.

"நெல்டா, மேல எட்டல எனக்கு. அரைக் கட்டை கீழ இருந்தா சமாளிச்சிருவேன். ஹோய்ட்கிட்ட சொன்னா அவன் போயிருவான். சொல்லாட்டி என் மானம் போயிரும்."

நெல்டா ஒரு கடலையை உரித்து வாயில் போட்டுக்கொண்டாள். "சரி, போய்த் தூங்குங்க" என்றாள். அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் கிதார்கள் இரண்டரைக் கட்டைக்கு இறங்கியிருந்தன. ஹோய்டின் காலடியில் இருக்கும், சுருதி சரிபார்க்கிற பெட்டியையும் அதற்கேற்ப மாற்றி வைத்துவிட்டாள். என் ஆர்கனில் சுருதி மாற்ற ஒரு பொத்தான் உண்டு. "அத ஒரு தடவ அமுக்குங்க, ஆர்லிஸ். கர்த்தர் மன்னிப்பார்" என்றாள். அமுக்கினேன். எல்லோருமே சேர்ந்து இறங்கினால் யாருக்குத் தெரியும்? விரல் வைக்கிற இடமும் மாறவில்லை. ஹோய்டுக்கோ ஐம்பது வருஷ இரைச்சலில் பாதிக் காது போய்விட்டது. கச்சேரிக்கு முன் அவர், "சுருதி சேர்ந்திருக்கா?" என்று கேட்பார். "சேர்ந்திருக்கு" என்பாள். சேர்ந்துதானே இருந்தது! எத்தனை கட்டையில் என்று அவர் கேட்கவில்லை.

இதில் ஒரே ஒரு ஓட்டை. ஒவ்வொரு ஊரிலும் கடைசிப் பாட்டுக்கு அந்த ஊர்க்காரர் ஒருவரை மேடைக்குக் கூப்பிட்டு வாசிக்க வைப்பது எங்கள் வழக்கம். கிதார்க்காரன் வந்தால் கவலையில்லை, நெல்டா எங்கள் கிதாரையே கையில் கொடுத்துவிடுவாள். மவுத் ஆர்கன்காரன் வந்தால்தான் வினை. அதன் சுருதியைத் திருக முடியாது, செய்தது செய்ததுதான். அதற்கும் அவள் வழி வைத்திருந்தாள். அரைக் கட்டை இறங்கிய மவுத் ஆர்கன்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்து, "இத வாசிங்க, மேடைக்குன்னு வச்சிருக்கோம்" என்று நீட்டுவாள். எல்லோரும் பவ்யமாக வாங்கி வாசித்துவிட்டுப் போனார்கள், போன ஜூலை வரை.

போன ஜூலையில் பீச் பழத் திருவிழா. மத்தியானம் நாலு மணி, தார் உருகுகிற வெயில், நாலாயிரம் பேர் மடக்கு நாற்காலியோடு வந்திருந்தார்கள். அந்த ஊர் ஆள் எம்மெட் யான் என்று ஒரு பள்ளிப் பேருந்து ஓட்டுநர். முன்வரிசையில் அவர் பேருந்தில் வரும் பிள்ளைகள் அத்தனை பேரும், அட்டையில் அவர் பெயரை எழுதிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நெல்டா டப்பாவைத் திறந்து ஒன்றைக் கொடுத்தாள். "ரொம்ப நன்றிங்க மேடம்" என்று வாங்கிக்கொண்டார். வாங்கினவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மேடைக்கு வந்ததும் தன்னுடையதை எடுத்தார். எவனோ வாய் வைத்ததை வாயில் வைக்காதே என்று அவர் அம்மா சொல்லி வளர்த்திருக்கிறாள். அம்மா பேச்சைத் தட்டாத மனுஷனை நாம் என்ன சொல்ல முடியும்?

ஹோய்ட் மூன்று கட்டை வசனத்தைச் சொன்னார். தொப்பிகள் பறந்தன. கழுதை நடக்க ஆரம்பித்தது. எம்மெட் கண்ணை மூடி ஊதினார்.

பல்லில் ஐஸ் கட்டி பட்டது போல இருந்தது. நாய்கள் எழுந்து நின்றன. லவானின் முகம் வெளுத்தது. ஹோய்ட் கையைத் தூக்கிப் பாட்டை நிறுத்தினார். என் கை அந்தப் பொத்தானுக்குப் போய், பயந்து திரும்பி வந்தது.

ஹோய்ட் மைக்கில் கேட்டார்: "என்ன தம்பி, அந்த வாத்தியத்தப் பன்னிக்குத் தின்னக் குடுத்துப் பிடுங்கிட்டு வந்தியா?"

கூட்டம் சிரித்தது.

"இல்லீங்க சார். புதுசு சார். போன வாரந்தான் வாங்கினேன்."

"அப்ப கடைக்காரன் உன் தலையில கட்டிட்டான். எங்க நெல்டா சேர்த்த சுருதி இருபத்து மூணு வருஷத்துல ஒரு தடவ தப்பினதில்ல. உன்னுதுதான் கோளாறு. பரவால்ல, போய் ஒரு டம்ளர் டீ குடி."

எம்மெட்டுக்குக் காது வரை சிவந்துவிட்டது. முன்வரிசையில் அட்டைகள் மெல்லக் கீழே இறங்கின. அவர் தலையைக் குனிந்துகொண்டு படியை நோக்கி நடந்தார்.

ஆபத்து விலகியது. நெல்டா ஒன்றும் செய்யாமல் நின்றிருந்தால் போதும், இன்னும் ஆறு வருஷம் ஓட்டியிருக்கலாம். நான் அதைத்தான் வேண்டிக்கொண்டேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்று பிறகு கேட்டபோது சொன்னாள்: "அதுவரைக்கும் யாரும் கேக்கல, நான் சொல்லல. இப்ப ஒரு மனுஷன் செய்யாத தப்புக்குத் தலையத் தொங்கப் போட்டுட்டுப் போறான். இனிமேலும் வாய மூடியிருந்தா அது பொய் ஆர்லிஸ்."

இருபத்து மூன்று வருஷத்தில் விளக்கு வெளிச்சத்துக்கு வராதவள், கடலைப் பையோடு நடு மேடைக்கு வந்து, படியில் கால் வைத்த எம்மெட்டின் கையைப் பிடித்து நிறுத்தினாள். மைக்கில் சொன்னாள்:

"இவருது சரியா இருக்கு. நம்மளுதுதான் தப்பு."

"என்ன தப்பு?" என்றார் ஹோய்ட்.

"அரைக் கட்டை கீழ இருக்கு. ஆறு வருஷமா."

ஹோய்ட் தன் கிதாரைக் குனிந்து பார்த்தார்.

"யார் இறக்கச் சொன்னது?"

"நான்தான் இறக்கினேன்" என்றாள் நெல்டா. அதுவும் பொய்யில்லைதான்.

லவானால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை. "நான்தான்டா சொன்னேன். எனக்கு மேல எட்டல. உங்கிட்ட சொல்ல நாக்கு வரல" என்றான். மைக்கை மூடிக்கொண்டு சொல்ல வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. என் நண்பனை அத்தனை சிறுத்துப்போய் நான் பார்த்ததில்லை.

ஹோய்ட் தோளிலிருந்து வாரைக் கழற்றினார். தீர்ந்தது கதை, தர்பூசணிதான் என்று நினைத்தேன். அவர் கிதாரை நெல்டாவிடம் நீட்டினார்.

"ஏத்து."

"ஹோய்ட்..." என்றாள் நெல்டா.

"மூணு கட்டைக்கு ஏத்து. இந்தத் தம்பி மூணு கட்டைய நம்பி வந்திருக்கான். வீட்டுக்கு வந்தவனப் பட்டினி போட்டா அனுப்புறது?" பிறகு எம்மெட்டைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். "தம்பி, பன்னின்னு சொன்னது என் தப்பு. மன்னிச்சுக்க."

"என்னால முடியாதுடா" என்றான் லவான்.

"முடியலன்னா முடியாமப் பாடு. எட்டலன்னு நான் எப்பவாவது அடிச்சேனா உன்ன?"

நெல்டா மேடையிலேயே முழங்காலிட்டுச் சுருதியை ஏற்றினாள். கிதார்கள், பேஸ், எல்லாம். நாலாயிரம் பேர் அவள் ஒவ்வொரு திருகையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பொத்தானை விடுவித்தேன்; ஆறு வருஷம் கழித்து என் விரலுக்கு ஞானஸ்நானம் ஆன மாதிரி இருந்தது.

எம்மெட் ஊதினார். ஐயோ, என்ன ஊதல்! முன்வரிசைப் பிள்ளைகள் அட்டையைத் தூக்கிக்கொண்டு குதித்தார்கள். கூவல் வந்தது. லவான் மேலே போனான், போனான், முக்கால் தூரத்தில் குரல் சேவல் மாதிரி உடைந்தது. அவன் நின்றான், ஹோய்டைப் பார்த்தான். ஹோய்ட் விழுந்து விழுந்து சிரித்ததில் தான் வாசிக்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டார். லவானுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கூவல் எட்டிய எந்த நாளிலும் கேட்காத கைத்தட்டலை அன்று நான் கேட்டேன்.

கடைசிச் சுற்றில் மட்டும் ஹோய்டின் முகம் கோணிக் கோணிப் போனது. இன்னும் கோபம் தீரவில்லை போல என்று நினைத்தேன்.

கச்சேரி முடிந்தும் வெயில் இறங்கவில்லை. லாரி நிழலில் நானும் நெல்டாவும் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். ஹோய்ட் வந்தார். இடது கையை ஐஸ் வாளிக்குள் விட்டுக்கொண்டே வந்தார்.

"நெல்டா, நாளைக்குப் பழையபடி இறக்கிடு. கம்பி இந்த இறுக்கு இறுகுனா விரல் தாங்கல. இத்தன வருஷமா வலி குறைஞ்சது நான் தடவுற அந்தக் குதிரைத் தைலத்தாலன்னுல நெனச்சேன்! ரேடியோவுல வேற அதப் புகழ்ந்து தொலச்சுட்டேன்."

"சரி, இறக்கிடுறேன்."

"ஆனா நான் கேட்டேன்னு லவான்கிட்ட சொல்லாத. அவனுக்காகத்தான்னு இருக்கட்டும்."

நெல்டா ஒயரைக் கீழே போட்டாள்.

"மாட்டேன். ஆறு வருஷம் அவர் மூட்டையத் தூக்கினேன். இறக்கி வச்சு ஒரு மணி நேரங்கூட ஆகல, நீங்க உங்களுதத் தூக்கிட்டு வரீங்க. எனக்கு இடுப்பு வலி. லவான் அதோ அந்த மரத்தடியில உக்காந்து ஐஸ்கிரீம் தின்னுட்டிருக்காரு. நீங்களே போய்ச் சொல்லுங்க."

ஹோய்ட் வாளியோடு மரத்தடிக்கு நடந்தார். நானும் நெல்டாவும் வேலையை விட்டுவிட்டு வெட்கமில்லாமல் வேடிக்கை பார்த்தோம். பேச்சு காதில் விழவில்லை. ஹோய்ட் வீங்கின விரல்களை நீட்டிக் காட்டினார். லவான் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தான். பிறகு வாயை அகலத் திறந்து தொண்டையைக் காட்டினான். ஹோய்ட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். இரண்டு பேரும் தலையை ஒட்டி வைத்துக்கொண்டு ஏதோ குசுகுசுத்தார்கள். பிறகு எங்கள் பக்கம் திரும்பி ஒரே குரலில் கத்தினார்கள்:

"நெல்டா! ரெண்டு கட்டைக்கே இறக்கிடு!"

"சரி!" என்று திருவிழா முழுக்கக் கேட்கும்படி நெல்டா கத்தினாள்.