ஒரே தடவை அரங்கேறிய என் உருப்படிகள்

எங்கள் தொழிலில் ஒரு உருப்படிக்கு முதல் கச்சேரியும் கடைசிக் கச்சேரியும் ஒரே நாளில் முடிந்துவிடும். மேற்கத்திய முறையில் இந்தக் காலத்துக் கச்சேரி மேடைக்கு இசை எழுதிப் பிழைக்கிறேன் என்று சொன்னால் அது பொய். எழுதுவது உண்மை; பிழைப்பது செம்பூர்ப் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுத்து. மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதியதை ஒரு சாயங்காலம் வாசிப்பார்கள், "புது அனுபவம்" என்று கைகுலுக்குவார்கள், அத்தோடு அது பரணில் ஏறிவிடும். மறுபடி வாசி என்று யாராவது ஒருத்தர் கேட்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. செய்த பண்டத்தை இரண்டாம் தரம் யாரும் கேட்காத வலி தெரிந்தவர்கள், எந்தத் தொழிலில் இருந்தாலும் சரி, பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

எந்தப் படம்?

எங்கள் அடுக்குமாடி சொசைட்டியின் செக்ரட்டரி முருகேசன் லிஃப்டில் வைத்துப் பிடித்துக்கொண்டார். எந்தப் படத்துக்கு மியூசிக் போடுகிறீர்கள் என்றார். படமில்லை, கச்சேரிக்கு என்றேன். அப்போ சீரியலா என்றார். அதுவுமில்லை சார், சும்மா உட்கார்ந்து கேட்பதற்கு என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வீட்டில் ஏதோ கஷ்டம் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. இறங்கும்போது தோளைத் தட்டிச் சொன்னார்: "டென்ஷன் எடுக்காதீங்க சார், சான்ஸ் வரும்."

தாராவித் திருத்தம்

தாராவியில் ஒரு சர்ச் கொயருக்குப் பாட்டு எழுதினேன். எல்லோரும் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். பட்டறையிலிருந்து நேரே வந்து, முகம் கழுவி, தாளைக் கையில் எடுத்தால் நான்கு குரலில் பாடிவிடுவார்கள். என் பாட்டின் உயிரே, அடுத்தடுத்த ஸ்வரங்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நிற்கும் இடங்களில்தான். அந்த உரசலுக்காக நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்டால் உரசல் ஒன்றைக்கூடக் காணோம். கல்யாண வீட்டுப் பாயசம் மாதிரி வழவழவென்று போகிறது பாட்டு. கேட்டவர்கள் உருகினார்கள்; நான் தாளைப் புரட்டிப் புரட்டி உரசலைத் தேடினேன். வாசலில் கொயர் மாஸ்டர் தங்கராஜ் அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, தாள்ல அங்கங்க சுருதி இடிச்சுக்கிட்டுக் கெடந்துது. விசனப்படாதீங்க, எல்லாத்தையும் நானே சரி பண்ணிட்டேம்லா."

மாட்டுங்காவில் ஒரு தொடை

மாட்டுங்கா சபாவில் என் நால்வர் இசை. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. அதில் இரண்டாவது பகுதியில் தாளம் ஐந்து, ஏழு, மூன்று என்று நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும். முன்வரிசை நடுவில் சபாவின் நெடுநாள் ரசிகர் ரமணி மாமா. அவர் தொடையில் தாளம் போடாத கச்சேரி மாட்டுங்காவிலேயே கிடையாது. என் உருப்படிக்கும் பளார் பளார் என்று ஆரம்பித்தார். செல்லோக்காரர் தாளை விட்டுவிட்டு அந்தக் கையைப் பார்க்கத் தொடங்கினார். வியோலாவும் அந்தப் பக்கம் சாய்ந்தது. வயலின்கள் இரண்டும் என் பக்கம். கடைசியில் இரண்டு கட்சியும் தனித்தனியாகப் போய்ச் சேர்ந்தன. அதையும் நவீனம் என்று நினைத்து ஜனங்கள் கைதட்டினார்கள்.

மனைவி வசந்தாவுக்கு ஃபோர்ட் பக்கம் பேங்க் வேலை. மழையில் லோக்கல் ரயில் நின்று, அவள் வந்து சேர்ந்தபோது எல்லோரும் கேண்டீனில் போண்டா தின்றுகொண்டிருந்தார்கள். அவளை நினைத்து எழுதியது அது. நண்பன் ஃபோனில் எடுத்த பதிவிலோ மாமாவின் தொடைதான் விழுந்திருந்தது. வசந்தா குடையை உதறிக்கொண்டே சொன்னாள்: "அடுத்த தடவை வாசிக்கறச்சே சீக்கிரமா வந்துடறேன்."

அடுத்த தடவை ஏது! அவள் சொன்னதோடு இந்தத் துணுக்கை முடித்திருக்க வேண்டும், மனசு கேட்கவில்லை.

டோம்பிவிலி ஃபாஸ்ட்

டவுனில் ஒரு பெரிய ஆர்க்கெஸ்ட்ரா என் உருப்படி ஒன்றை எடுத்துக்கொண்டது. ஒத்திகை முழுவதும் செத்துப்போன மேதைகளுக்கு. மிச்சமிருந்த கால் மணி உயிரோடிருக்கும் எனக்கு. முடிவில் ஒரு பக்கம் மெல்ல மெல்லத் தேய்ந்து அடங்க வேண்டும். அங்கே வந்ததும் எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஹார்ன் என்ற பித்தளைக் குழல் வாசிக்கும் சேகர் தூரத்து டோம்பிவிலிக்காரர். வாத்தியத்தைப் பெட்டியில் பாதி வைத்தபடியே என்னிடம் வந்தார். "சார், உங்க கடைசிப் பக்கம் பிரமாதம். அதைப் பாதி ஆக்கினா எனக்கு ஃபாஸ்ட் வண்டியும் கிடைக்கும்."

தூக்கம் கெட்டவர்

மழைக்காலம் முடிந்து ஒருநாள் ஃபோன். ரமணி மாமா. குரலில் நல்ல கோபம். அன்றைக்கு என் இரண்டாவது பகுதியில் தாளம் கைநழுவிப் போய்விட்டதாம். இத்தனை வருஷத்தில் எந்த வித்வானிடமும் நழுவியதில்லையாம். தூக்கமே போச்சு என்றார். கமிட்டியில் சண்டை போட்டுத் தேதியும் வாங்கிவிட்டார். அதே உருப்படி, அதே நாலு பேர்.

வசந்தா அரை நாள் லீவு போட்டு, சபாக் கதவு திறக்குமுன் வந்து, முன்வரிசையில் மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் மேடையைப் பார்க்கவே இல்லை. முதல் பகுதியிலேயே அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இதற்குமேல் ஒன்றும் வேண்டாம் என்று தோன்றியது. இரண்டாவது பகுதியில் மாமா பல்லைக் கடித்துக்கொண்டு தொடையில் அடித்தார். ஏழு தாண்டி மூன்று வரும் அதே இடத்தில் கை அந்தரத்தில் நின்றது. முடிந்ததும் வேர்வையைத் துடைத்தபடி எழுந்து, சபை முழுக்கக் கேட்கச் சொன்னார்: "இன்னொரு தரம் வையுங்கோ. இந்தச் சனியனை நான் விடறதா இல்லை."

ஆக, என் இசை பிரமாதம் என்று சொன்ன எவரும் அதை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னதில்லை. சொன்ன ஒரே மனுஷருக்கு அது இன்றுவரை பிடிக்கவே இல்லை.