சட்டத்தைத் திருப்பியது யார்?

பலாப்பலகை கருகும் வாசம் வந்ததும் மரம் அறுக்கும் மெஷினடிக்குப் போனேன். மகன்மார் இருவரும் மல்லுக்கு நின்றார்கள். பலகை வாளுக்கு நேராகப் போக அணைத்துத் தள்ளும் இரும்புச் சட்டம் கோணியிருந்தது.

கட்டுகஸ்தோட்டையில், நான் சிறுபிள்ளையாக இருந்தபோது, வாப்பாவுக்கும் அவருடைய தம்பி சாச்சாவுக்கும் இதே சட்டத்தால்தான் பகை. தேயிலைப் பெட்டிப் பலகை அறுக்கும் பட்டறை. காலையில் வாப்பா சட்டத்தை மெஷின் மேசையின் விளிம்புக்கு நேராக வைப்பார். மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு வரும் சாச்சா, ஓடும் வாள் பலகையை இழுக்கும் பக்கத்துக்கு அதைத் திருப்புவார்.

"எவன்டா இதுல கை வச்சது?"

"நானா, மேசையா மரம் அறுக்குது? வாளப் பாருங்க!" என்பார் சாச்சா அண்ணனிடம்.

கடைசியில் வீட்டை இரண்டாக்கப் பலகைச் சுவர் அடித்தார்கள். அதை அறுக்கும்போதும் ஆளுக்காள் சட்டத்தைத் தட்டினார்கள்; ஒரு பலகையும் நேராக வரவில்லை. சுவரெல்லாம் கை நுழையும் இடைவெளி. மௌத்தாகிக் கண்மூடும்வரை அதன் வழியாகத்தான் இருவரும் ஏசிக்கொண்டார்கள். நாங்கள் சோறு தின்னும்போதுகூட ஏச்சு வந்து விழும்.

"நீதான் திருப்பின!" என்று இப்போது என் மூத்த மகன் தம்பியைப் பார்த்துக் கத்தினான்.

நான் சட்டத்தைக் கழற்றிக் கையில் எடுத்தேன்.

"சுவரடிக்கப் பலகை வேணுமெண்டா கடையில வாங்குங்கடா. அந்தச் சுவராவது நேரா இரிக்கட்டும்."