பழைய மெஷின், புது சிஸ்டம், மூன்று கம்ப்ளெயின்ட்

பதினைந்து வருடப் பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் ஏற்றுவது அரை நாள் வேலை. அதை வீட்டுக்குக் கொண்டுபோனவருக்குப் பதில் சொல்வதுதான் முடியாத வேலை.

பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்திவிட்டு, ஒத்தக்கடையில் பாண்டி அண்ணனின் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் சேர்ந்தேன். ஏன் நிறுத்தினாய் என்று கேட்காதீர்கள். கேட்டவர்கள் யாரும் பதிலை முழுசாகக் கேட்டதில்லை. புது விண்டோஸ் ஏறாத கிழட்டு மெஷின்களில் லினக்ஸ் என்கிற இலவச சிஸ்டத்தைப் போட்டு ஓடவைக்கலாம் என்பது என் யோசனை. அண்ணனுக்கு அதில் துளியும் நம்பிக்கை இல்லை. “மூணு கம்ப்ளெயின்ட் வந்துச்சுன்னா, நீ வாசல்ல ஜெராக்ஸ் மெஷின்ல உட்காரு. அம்புட்டுதான்” என்றார். ஆதார் கார்டை முன்னும் பின்னும் திருப்பி வைக்க நான் எதற்கு? யாருக்காவது லினக்ஸ் போட்டுக்கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்கு என் நிலைமை புரியும்.

அரை நிமிடம்

சோழவந்தானில் வெற்றிலைக் கமிஷன் கடை வைத்திருப்பவர் ஒரு மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஸ்விட்சைப் போட்டுவிட்டு நாலு கட்டு வெற்றிலையை அடுக்கி முடித்தால்தான் திரையில் ஏதாவது வருமாம். லினக்ஸ் போட்டேன். அரை நிமிடத்தில் எழுந்து நின்றது. எனக்கே பெருமையாக இருந்தது.

மறுநாள் காலையில் மச்சானையும் ஒரு ஸ்க்ரூ டிரைவரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். மூடியைக் கழற்றச் சொன்னார். உள்ளே இருந்ததையெல்லாம் மச்சான் விரல்விட்டு எண்ணினார். எதுவும் குறையவில்லை. அதுதான் அவர்களுக்குக் கோபம். அண்ணன் தன் சீட்டில் இருந்தபடியே கம்ப்ளெயின்ட் ஒன்று என எனக்கு ஒரு விரலைக் காட்டினார். வெற்றிலைக்காரர் கிளம்பும்போது சொன்னார்: “பாரத்தைக் குறைக்காம வண்டி எப்புடித் தம்பி இம்புட்டு வேகமாப் போகும்? என்னமோ ஒண்ண எடுத்திருக்கீங்க. அது பேரு எங்களுக்குத் தெரியல, அதான்.”

வைரஸ் வராத வீடு

ரிட்டயரான ஹெட்மாஸ்டர் ஒருவர், மேலூர் ரோட்டில் புது வீடு. லினக்ஸ் போட்ட மெஷினைத் திறந்ததும் “ஆன்டிவைரஸ் எங்கப்பா?” என்றார். “உங்களுக்குத் தேவைப்படாது சார், இதுக்கு வைரஸ் வர்றது ரொம்ப அபூர்வம்” என்றேன். பேசாமல் ஏதோ ஒரு ஐகானைக் காட்டி இதுதான் என்று சொல்லியிருக்கலாம். என் வாய் அப்படிப் பழகவில்லை.

அவர் முகம் சுருங்கிவிட்டது. நேராக அண்ணனிடம் போய்விட்டார். இரண்டாவது விரல். அண்ணனிடம் அவர் சொன்ன குறை இதுதான்: “ஊர்ல எல்லார் மெஷினுக்கும் வைரஸ் வருது. என்னுது அதுக்குக்கூட லாயக்கு இல்லைங்கிறான் இந்தப் பையன்.”

எழுபது சதவீதம்

இது கம்ப்ளெயின்ட்டில் சேராது. கப்பலூரில் ஒரு சின்ன போல்ட் கம்பெனி. ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு லினக்ஸ் போடப் போனேன், ஆயுத பூஜை அன்றைக்கு. என் முட்டாள்தனம்தான். எழுபது சதவீதம் ஏறியிருந்தபோது முதலாளி சந்தனம் குங்குமத்தோடு வந்தார். லேத்துக்கு வைத்தார், டிரில்லுக்கு வைத்தார், மானிட்டருக்கு வைத்தார், குனிந்திருந்த என் நெற்றிக்கும் வைத்தார். பிறகு, இன்றைக்கு எந்த மெஷினும் ஓடக்கூடாது என்று மெயின் ஸ்விட்சை இறக்கிவிட்டார். பழைய சிஸ்டம் போய்விட்டது, புதுசு இன்னும் முழுசாக வரவில்லை என்று நான் கத்தாத குறையாகச் சொன்னேன். அவர் பொரித் தட்டை நீட்டினார். “ஒரு நாள் ரெண்டுமே இல்லாம சும்மா கெடக்கட்டும் தம்பி. நீங்க பொரி சாப்பிடுங்க.”

காதர் பாயின் எழுத்து

காதர் பாய், டவுனுக்குள் கல்யாணப் பத்திரிகைகளுக்கு வாசகம் டைப் அடித்துத் தருபவர். அவருடைய ஃபைல்களையெல்லாம் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டுத்தான் விண்டோஸை அழித்தேன். அவர் பயன்படுத்திய பழைய தமிழ் ஃபான்ட் அந்த விண்டோஸுக்குள்ளேயே இருந்தது. அது என் மண்டைக்கு எட்டவில்லை. லினக்ஸில் நிக்காஹ் பத்திரிகையைத் திறந்தால் மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், விருந்து நேரம் எல்லாம் தலைகால் புரியாத இங்கிலீஷ் எழுத்தாக நிற்கிறது. எதிரே பெண்ணின் மாமா நின்றுகொண்டிருந்தார். சாயங்காலம் அச்சுக்குப் போக வேண்டிய பத்திரிகை.

அந்த ஃபான்ட் அடுத்த சந்தில் அதே தொழில் செய்யும் துளசிராம் அண்ணனிடம் இருந்தது. இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஓடினேன். துளசிராம் அண்ணன் மனைவியிடம் அவர்கள் வீட்டு சௌராஷ்ட்ர பாஷையில் ஏதோ சொன்னார், இருவரும் சிரித்தார்கள். “எழுத்து பாய்க்குத்தான வேணும்? பாய் வந்து கேக்கட்டும்” என்றார். பாய் வந்தார். அவரைப் பார்த்ததும் துளசிராம் அண்ணன் ஃபான்ட் இருந்த பென் டிரைவை அவர் கையில் வைத்தார், டீ சொன்னார். பத்திரிகை அச்சுக்குப் போனது. திரும்பி நடக்கும்போது பாய் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். “பன்னெண்டு வருசமா அவன் கடைப் படிய மிதிச்சதில்ல தம்பி. ஒன் லினக்ஸு மிதிக்க வச்சிருச்சு. இதுக்கு ஒன்னைத் திட்டுறதா என்னான்னே வெளங்கல.”

ஜெராக்ஸ்

பாய் கம்ப்ளெயின்ட் கொடுக்கவில்லை. நானே அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அவர் மூன்றாவது விரலைக்கூடக் காட்டவில்லை, வாசலைக் காட்டினார்.

ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் பிரிண்ட் எடுக்க ஒரு கம்ப்யூட்டர் உண்டு. கடையிலேயே கிழடு அதுதான். காலேஜ் பஸ் நிற்கும் நேரத்தில் பார்த்து உறைந்துபோகும். மூன்றாம் நாள் காலையில் வரிசை ரோடு வரைக்கும் போய்விட்டது. ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுக்க வந்த ஒரு பெண் அழத் தயாராக இருந்தாள். அண்ணன் வெளியே வந்து பார்த்தார். “டேய், கூட்டம் கலைஞ்சதும் இதுலயும் ஒன் லினக்ஸப் போட்டுத் தொலைடா” என்றார்.

ஒரு மாதம் முன்னால் என்றால் அப்போதே டிஸ்க்கை அழித்திருப்பேன். “வேணாம்ணே” என்றேன். “இந்தப் பிரிண்டரை ஓட்டுற டிரைவர் சாஃப்ட்வேர் லினக்ஸ்ல இல்ல. ரெண்டு நாளாத் தேடிப் பாத்துட்டேன். போட்டா ஸ்கிரீன் வேகமா வரும், பேப்பர் வராது.” அண்ணன் என்னையும் பிரிண்டரையும் மாறி மாறிப் பார்த்தார். “இந்த மாதிரி ஒரு தடவ பாய் மெஷினையும் பாத்திருந்தா, நீ எதுக்குடா இங்க உட்காந்திருக்கப் போற? எந்திரி. உள்ள மூணு மெஷின் கெடக்கு, வந்து பாரு.”

முப்பது மெஷினில் லினக்ஸ் போட்டபோது கிடைக்காத மரியாதை ஒரே ஒரு மெஷினில் போட மாட்டேன் என்றபோது கிடைத்ததுதான் இந்தத் தொழிலில் நான் கண்ட முன்னேற்றம்.