என் கல்யாணத்தில் பாதியில் நின்ற ரெக்கார்டு

ஊசி தட்டில் இறங்கும்போது பாட்டுக்கு முன்னால் ஒரு கரகரப்பு வருமே... குழாய் ஸ்பீக்கரில் அது ஊருக்கே கேட்கும். அறுபதுகளில் செஞ்சியைச் சுற்றி எந்தக் கல்யாண வீட்டிலும் விடிந்ததும் முதலில் கேட்பது அந்தச் சத்தம்தான். அடுத்தது எங்கள் ஏழுமலை அண்ணன் குரல்.

என் கூடப்பிறந்த அண்ணன். தானே எழுதி, தானே மெட்டுக் கட்டி, தானே பாடுவார். கடைவீதியில் மைக்செட் கடை வைத்திருந்த ஷெரீப் பாய்தான் அவரை மதராசுக்கு அழைத்துப் போய் ஒரு ரெக்கார்டு கம்பெனியில் பாட வைத்தார். மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, பறிக்கிற பெண்கள் ஒரு கொல்லையிலிருந்து அடுத்த கொல்லைக்குக் குரல் கொடுப்பது, மேட்டில் ஏறாமல் நிற்கிற பஸ், மலைக்கோட்டைக் காற்று... எல்லாமே தொண்டை திறந்து பாடுகிற பாட்டு.

அது போட்ட போடு இருக்கிறதே! ரேடியோவில் வந்தது, பத்திரிகையில் எழுதினார்கள். அனந்தபுரம், வல்லம் என்று அண்ணன் எங்கே போனாலும் டீக்கடைக்காரர் காசு வாங்க மாட்டார். எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள். "அடுத்த ரெக்கார்டு எப்போ?"

அதற்குள் அம்மா போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அண்ணன் எழுதியதே வேறு. ஒருநாள் சாயங்காலம் நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் பக்கத்தில் வந்து குந்தி, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி பாடினார்.

"அடுப்ப அணச்சிட்டியாம்மா... நான் இன்னும் சாப்புடல..."

கையில் கஞ்சி கொட்டியதுகூட எனக்குத் தெரியவில்லை.

"இன்னாணா, இப்டி அழ வெக்கிற?"

"நல்லா இருக்குதா, அத்தச் சொல்லு."

"இந்த மாதிரி நீ பாடனதே இல்லணா."

அண்ணன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "மொதோ ரெக்கார்டு ஊருக்குப் பாடனது பாப்பா. இதான் நான் பாட நெனச்சது" என்றார்.

அந்தப் பாட்டுகளோடுதான் இரண்டாவது ரெக்கார்டு வந்தது. சரியாக என் கல்யாண நேரம்.

அப்போது எங்கள் பக்கம் யார் வீட்டிலும் ரெக்கார்டு பிளேயர் கிடையாது. எந்தப் புது ரெக்கார்டு வந்தாலும் ஊர் அதைக் கல்யாண மைக்செட்டில்தான் முதலில் கேட்கும். அங்கே எடுபட்டால் எடுபட்டது, இல்லையென்றால் இல்லை. "என் தங்கச்சி கல்யாணத்துலதான் மொதோ தபா போடணும்" என்று அண்ணன் ஒற்றைக் காலில் நின்றார்.

எனக்கு உள்ளே பூ வைத்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் வழியாக மைக்செட் பெஞ்சு தெரிந்தது. அண்ணன் புதுச் சட்டையில் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

புளியமரத்து உச்சியில் கட்டிய குழாயில் பாட்டு வந்தது... ஐயோ, அது நான் அடுப்படியில் கேட்ட பாட்டே இல்லை. மெல்லிசான குரலெல்லாம் குழாய்க்குள் நசுங்கி, யாரோ தூரத்தில் ஒப்பாரி வைக்கிற மாதிரி கேட்டது.

மாப்பிள்ளையின் தாய்மாமன் எழுந்துவிட்டார். "இன்னாயா இது, எழவு வூட்டுப் பாட்டு? கல்யாண வூட்ல போடற பாட்டா இது?"

அந்த நேரம் பார்த்து அந்த வரி வந்தது. நான் இன்னும் சாப்புடல...

பந்தல் மூலையிலிருந்து ஒரு குரல். "பாவம், இன்னும் சாப்புடலயாம்யா... மொதோ பந்தியில குந்த வையுங்கப்பா!"

பந்தலே சிரித்தது. எனக்குப் பூ வைத்துக்கொண்டிருந்த பெண்ணும் சிரித்தாள். அவளுக்கு என்ன தெரியும், பாவம்.

நைனா ஓடி வந்தார். "ஏழுமல, பழசப் போடுடா. நாலு பேர் வாயில வுழ வேணாம்."

பாய் ஊசியைத் தொடவில்லை. அண்ணன்தான் எடுத்தார். பழைய ரெக்கார்டைத் துண்டால் துடைத்து, தன் கையாலேயே போட்டார். உடனே பந்தல் களைகட்டிவிட்டது. தன் குரலுக்கே தோற்றுப்போய் ஒரு மனுஷன் அங்கே உட்கார்ந்திருந்தார். எனக்குத் தாலி ஏறும்போதும் அந்தப் பழைய பாட்டுதான் ஓடியது.

காலில் விழுந்தபோது "நல்லா இரு பாப்பா" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை.

விஷயம் பரவிவிட்டது. வேறு எந்தக் கல்யாணத்திலும் அதைப் போடவில்லை. கம்பெனியும் கைகழுவிவிட்டது. அண்ணன் மல்லாட்டை மண்டியில் வேலைக்குப் போனார். அதற்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை, கடைசி வரைக்கும். எங்காவது அந்த முதல் ரெக்கார்டு கேட்டால் எழுந்து போய்விடுவார்.

என்னிடம் ஒரு பிரதி இருந்தது. எங்கள் வீட்டுக்கு பிளேயர் வருவதற்குள் தகரப்பெட்டிச் சூட்டில் அது நெளிந்துபோயிருந்தது. ஊசி நிற்கவே இல்லை.

போன வாரம் என் மகள் யூடியூபில் அண்ணனின் முதல் ரெக்கார்டைக் கண்டுபிடித்துக் காட்டினாள். கீழே எத்தனையோ பாராட்டு. யாரோ ஒரு தம்பி எழுதியிருந்தார், 'இவரோட ரெண்டாவது ரெக்கார்டு ஃப்ளாப், சரக்கு தீர்ந்துபோச்சு' என்று. தம்பி, நீங்கள் அதைக் கேட்டீர்களா? கேட்டிருக்க வழியே இல்லையே...

பிறகு மகள் தன் இயர்போனை என் காதில் வைத்தாள். இந்தக் காலத்துப் பெண் யாரோ பாடுகிறாள். சத்தமே இல்லாமல், பக்கத்தில் குந்திக்கொண்டு எனக்கு மட்டும் சொல்கிற மாதிரி.

அழுதுவிட்டேன். இப்போது எல்லோர் காதிலும் இது இருக்கிறது. அண்ணன் பாட்டுக்கு வேண்டியிருந்தது இவ்வளவுதான். இது வந்தபோது அண்ணனும் இல்லை, அந்தப் பாட்டும் இல்லை.

மகளுக்குப் பாடிக் காட்டலாம் என்று பார்த்தேன். மெட்டு மறந்துவிட்டது. அந்த ஒரு வரி மட்டும்தான் மிச்சம்.

கல்யாணம் முடிந்து நாளான பிறகு ஷெரீப் பாய் சொன்னார். அன்றைக்கு எந்தப் பந்தியிலும் அண்ணன் உட்காரவில்லையாம்.