வயரைப் பிடுங்கினால் பாட்டு போச்சு

எங்கள் வீட்டுச் சண்டைகளில் பாதி ஒரு மரப்பெட்டியைப் பற்றியது. விம்கோ நகரில் எங்கள் வாடகை வீட்டு முன்னறையில், டிவி இருக்க வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்திருக்கிறது. வருகிறவர்கள் எல்லாம் ஈ.பி. பெட்டியா என்று கேட்பார்கள். அது என் மாடுலர் சிந்தசைசர்.

கீபோர்டு மாதிரி கடையில் முழுசாக வாங்கி வருகிற சாமான் இல்லை இது. துண்டு துண்டாக வாங்கி, பெட்டியில் திருகி மாட்ட வேண்டும். ஒரு துண்டு சத்தம் போடும், ஒன்று அந்தச் சத்தத்தைச் சீவி விடும், ஒன்று தாளம் தட்டும். துண்டுக்கு மாட்யூல் என்று பேர். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வயர் குத்தினால்தான் இசை வரும். எதையும் சேமித்து வைக்கிற வசதி என் பெட்டியில் கிடையாது. வயர் எப்படிக் குத்தியிருக்கிறதோ அதுதான் பாட்டு. பிடுங்கினால் பாட்டு போச்சு, அவ்வளவுதான்.

நான் எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கருவிப் பிரிவு டெக்னீஷியன். குழாய்க்குள் இருக்கிற அழுத்தத்தை மின்சாரமாக்கி எங்கேயோ ஒரு முள்ளை ஆட்டுவதுதான் எனக்குச் சம்பளம் கொடுக்கும் வேலை. மின்சாரத்தால் முள்ளை ஆட்டலாம் என்றால் ஸ்பீக்கரையும் ஆட்டலாமே என்று ஒரு நாள் தோன்றியது. அன்றைக்குப் பிடித்தது சனி. தப்பாக நினைக்காதீர்கள், எனக்கு ரொம்பப் பிடித்த சனி அது.

இந்த ஆசைக்கு ஒரு குணம் உண்டு. பெட்டியில் ஒரு இடம் காலியாக இருந்தால் சோறு இறங்காது. வேலைக்குப் போகிற ரயிலில் மற்றவர்கள் தூங்குவார்கள். நான் பழைய மாட்யூல் விற்கிற குழுக்களை விரலால் தள்ளிக்கொண்டே போவேன். எவனோ ஒரு வெள்ளைக்காரன் ஒரு குமிழைத் திருகிக் கண்ணை மூடிக்கொள்கிற வீடியோவைப் பார்த்தால் போதும், அது இல்லாமல் இத்தனை நாள் எப்படி உயிரோடு இருந்தேன் என்று ஆகிவிடும். வாங்குவேன். வந்ததை மாட்ட வேண்டும் என்றால் பழையதை இடம் மாற்ற வேண்டும். இடம் மாற்ற எல்லா வயரையும் பிடுங்க வேண்டும். அப்படிப் பாதியில் செத்த பாட்டுக்குக் கணக்கே இல்லை.

என் கணவர் குட்டியானை ஓட்டுகிறார், அந்தச் சின்ன லோடு வண்டி. துறைமுகத்துக்கும் குடோன்களுக்கும் நடுவே நாள் முழுக்கக் கன்டெய்னர் லாரிகளோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிற மனுஷன். வந்ததும் பெட்டியைப் பார்ப்பார்.

"இன்னாமே, பொட்டி ரொம்பிகினே போவுது. பாட்டு எங்கமே?"

"அடுத்தது ஒண்ணு வந்தா வந்துரும்யா."

"அடுத்தது, அடுத்ததுன்னு நீயும் டபாய்ச்சிகினே கீற. அந்த வெள்ளைக்காரன் ஊட்டு வாடகைய நாமதான் கட்றோம் போல."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆனால் பாட்டு எங்கே என்றால் நான் எதைக் காட்டுவேன்?

போன தீபாவளி கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ராயபுரத்தில் என் அம்மா வீட்டுத் தெருக்காரன் ஒருவன் வந்திருந்தான். என்னைவிடச் சின்னவன், சின்ன வயதிலிருந்தே என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். பகலில் துறைமுகத்தில் மூட்டை ஏற்றுகிற வேலை. மற்றபடி கானா பாடகன். எங்கள் பக்கத்தில் யார் இறந்தாலும் முதலில் பந்தல்காரருக்குப் போன் போகும், அடுத்தது அவனுக்கு. இறந்தவரின் பேரையும் பெருமையையும் பாட்டில் வைத்து அவன் பாட ஆரம்பித்தால், அதுவரை அழாத மருமகள்கூட அழுதுவிடுவாள்.

ஆனால் நல்ல காரியம் என்றால் அவன் பேரை யாரும் எடுக்க மாட்டார்கள். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு எதுவாக இருந்தாலும் சரி. "அவன் வாய்ஸ் சோக்கா கீதுதான். ஆனா சாவுக்குப் பாடற வாய வூட்டுக்குள்ள இட்டாரச்சொல்றியா?" என்பார்கள். அவன் கல்யாணத்துக்கே வேறு ஆளை வைத்துத்தான் பாட வைத்தார்கள். மாப்பிள்ளைக் கோலத்தில் உட்கார்ந்து எவனோ பாடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அவன் வந்த நேரத்தில் நான் பெட்டியை நோண்டிக்கொண்டிருந்தேன். தற்செயலாக ஒரு அடிக்குரல் சத்தம் கிளம்பியது. பனியில் நிற்கிற கப்பல் ஊதுகிற மாதிரி நீளமாக வந்து மேலே ஏறியது. அவன் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலிக் கையில் தாளம் போட்டுப் பாடத் தொடங்கினான்.

"கப்பல் வருது, கப்பல் போவுது, நாங்க எங்கியும் போவல;
எங்க வூட்டுப் பான பொங்குற சத்தம் இன்னும் ஓயல."

பாடி முடித்தவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, இதுல இனிமே கைய வெக்காத. இப்டியே இருக்கட்டும். வர்ற பொங்கலுக்கு நம்ம தெரு மேடையில நா இத பாடணும். எம் பொண்டாட்டி நா பாடி எல்லாரும் அழுவறதத்தான் பாத்துக்கீறா. சிரிக்கறத ஒருவாட்டி பாக்கணும்."

மறுநாளே ராயபுரம் போய் அந்தத் தெரு விழா கமிட்டித் தலைவரைப் பார்த்தேன். என்னைத் தூக்கி வளர்த்த மனிதர். மைக்கைக் கண்டால் விடமாட்டார். "பொங்கலும் அதுவுமா சாவுப் பாட்டாம்மா? ஊரே என்னிய காறித் துப்பும்" என்றார். "சாவுப் பாட்டு இல்லண்ணே, இது மெசின் பாட்டு. நம்ம பக்கத்துலயே எவனும் போட்டதில்ல" என்று அடித்துவிட்டேன். மெசின் என்றதும் மனிதருக்குக் கண் விரிந்தது. ஒரே ஒரு பாட்டுக்கு நேரம் கொடுத்தார். சொதப்பினால் அவனை இனி மேடைப் பக்கம் சேர்க்க மாட்டேன் என்றும் சொன்னார்.

அன்றிலிருந்து பெட்டியில் ஒரு வயரையும் நான் பிடுங்கவில்லை. புதிதாக எதையும் வாங்கவும் முடியாது. வாங்கினால் மாட்டச் சொல்லும், மாட்டினால் பாட்டு சாகும். முதல் வாரம் பேஜாராக இருந்தது. கை பரபரத்தது. பொழுதுபோகாமல், பெட்டியில் இருப்பதையே திரும்பத் திரும்ப வாசித்தேன். வேலை விட்டு வந்ததும் அவன் பாடுவான், நான் கூடவே குமிழ்களைத் திருகுவேன். எந்தக் குமிழ் கொஞ்சம் இறுக்கம், எந்தத் துளை லொடலொட, எந்த வயர் எதற்காக அங்கே இருக்கிறது என்று கைக்கே தெரிந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் இந்தப் பெட்டியோடு நான் குடித்தனம் நடத்தியது அப்போதுதான்.

போகி அன்று மதியம் போனில் ஒரு செய்தி வந்தது. நான் ரொம்ப காலமாகத் தேடிக்கொண்டிருந்த ஒரு மாட்யூல். ஸ்வரங்களை வரிசைப்படுத்தி ஓட்டுகிற வகை, எங்கேயும் கிடைக்காதது. பெரம்பூரில் ஒருவர் வெளிநாடு போகிறார், அரை விலைக்கு விற்கிறார், சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டும். என் பெட்டியில் அங்கங்கே இருந்த காலி இடங்களை ஒன்று சேர்த்தால், அளவெடுத்துச் செய்த மாதிரி உட்காரும்.

மூளை வேலை செய்யத் தொடங்கியது. இதை மாட்டினால் பாட்டு எங்கேயோ போய்விடும். எல்லா வயரையும் பிடுங்கி, மாட்டி, மறுபடி குத்த இன்னும் நேரம் இருக்கிறது. அவனுக்காகத்தானே வாங்குகிறோம்! இந்தத் திருட்டுப் புத்திக்கு எப்போதும் அடுத்தவன் பேர் கிடைத்துவிடும். 'எடுத்துக்கறேன்' என்று தட்டிவிட்டேன். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

அப்போது ஒத்திகைக்கு அவன் வந்து நின்றான். மயில் கழுத்து நிறத்தில் புதுச் சட்டை. மடிப்புகூடக் கலையவில்லை.

"எம் பொண்டாட்டி வாங்கினு வந்துச்சுக்கா. மேடைக்கு. நாளைக்குத்தான் போடணுமாம், எனக்குத்தான் மனசு கேக்கல, ஒனக்குக் காட்டிட்டுக் கழட்டிடறேன்."

சாவு வீட்டுக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு யாரும் போக மாட்டார்கள். பாடப் போவதற்கென்று அவன் வாழ்க்கையில் வாங்கிய முதல் சட்டை அது. எனக்கு என்மேலேயே அப்படி ஒரு கோபம் வந்தது பாருங்கள், தட்டியதை அழித்துவிட்டுப் போனை அரிசி டிரம்முக்குள் போட்டு மூடினேன். "சட்ட சோக்கா கீதுடா. குந்து, ஆரம்பிக்கலாம்" என்றேன். சாயங்காலம் போனை எடுத்துப் பார்த்தபோது மாட்யூலை யாரோ வாங்கிப் போயிருந்தார்கள். காய்ச்சல் விட்ட மாதிரி இருந்தது.

பொங்கலன்று பெட்டியை வயரோடு அப்படியே போர்வையில் சுற்றி, குட்டியானையில் ஏற்றினோம். என் கணவர் எண்ணூர் விரைவுச் சாலையின் ஒவ்வொரு பள்ளத்துக்கும் பேர் தெரிந்தவர் போல இறக்கி ஏற்றி ஓட்டினார். பின்னால் ஹாரன் அடித்தவனை எல்லாம், "உள்ள பிள்ளத்தாச்சி கீதுடா டேய்!" என்று திட்டினார். பாதியில் நிறுத்தி, எட்டி உள்ளே பார்த்து, "எல்லாம் கீதாமே?" என்று வேறு கேட்டார். ஒரு வயர்கூட ஆடவில்லை. மேடையில் பத்திரமாக இறக்கி வைத்துவிட்டு, ஸ்பீக்கருக்கு இணைப்பு கொடுக்க நான் திரும்பினேன்.

அந்த இடைவெளியில் கமிட்டித் தலைவர் மைக்கைப் பிடித்துவிட்டார். தெருவே திரண்டு உட்கார்ந்திருந்தது. "இப்போது, நமது தெருவின் மருமகன் ஓட்டி வந்த, நமது தெருவின் மகள் செய்த, அதிசய மெசின்!" என்று கூவி, சிலை திறக்கிற மந்திரி மாதிரி போர்வையின் முனையைப் பிடித்து ஒரே இழுப்பு.

போர்வையோடு பாதி வயர் வந்துவிட்டது. மீதி பாதி காற்றில் தொங்கியது.

தெரு கொல்லென்று சிரித்தது. தலைவர் போர்வையைப் பிடித்தபடி முழித்தார். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "சாவு பாடறவன மேடையில ஏத்துனா இப்டித்தான் ஆவும்!" அவன் முகத்தைப் பார்த்தேன். புதுச் சட்டைக்குள் மனிதன் சுருங்கிப் போயிருந்தான். முன்வரிசையில் அவன் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். "பென்டிரைவ போடுங்கப்பா, டைம் ஆவுது" என்றார் தலைவர்.

"யாருனா பென்டிரைவுல கைய வெச்சீங்க, கைய ஒடச்சிடுவேன்!" என்று மைக் இல்லாமலே கத்தினேன். தெரு சட்டென்று அடங்கியது. அவனிடம் திரும்பி, "நீ பாடுடா. மெசின் பின்னால வரும்" என்றேன்.

"மெய்யாலுமாக்கா?"

"பாடுடான்றேன்!"

அவன் கண்ணை மூடி, ஸ்பீக்கர் பெட்டியின் மேல் விரலால் தட்டிக்கொண்டு எடுத்தான். நான் ஸ்பீக்கர் இணைப்பைச் சொருகிவிட்டு, ஒரு வயரை எடுத்துக் குத்தினேன். தொம் தொம் என்று தாளம் விழுந்தது. இரண்டாவது வயருக்கு அதற்குமேல் சலங்கை மாதிரி ஒரு சின்னச் சத்தம். கைக்கு யோசனையே தேவைப்படவில்லை. அதுபாட்டுக்கு வயரை எடுத்தது, துளையைக் கண்டது. ஒவ்வொரு வயருக்கும் ஒரு சத்தம் கூடுவதை ஜனம் கண்டுபிடித்துவிட்டது. நான் வயரை உயர்த்தினாலே, "குத்துக்கா! குத்து!" என்று கத்தினார்கள். ஒத்திகையில் இந்த அழகு எங்கே வந்தது? அந்தப் பெரம்பூர் மாட்யூல் மட்டும் உள்ளே இருந்திருந்தால், எந்த வயர் எங்கே என்று தெரியாமல் பேய் முழி முழித்திருப்பேன். நான் வாங்காததுதான் அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது. எந்தக் கடையிலும் அதை விற்க மாட்டார்கள்.

கடைசி வயரைக் குத்தினேன். கப்பல் ஊதியது. பந்தல் தகரம் அதிர்ந்தது. அந்தச் சத்தத்தின் தலையில் ஏறி நின்று, "எங்க வூட்டுப் பான பொங்குற சத்தம்" என்று அவன் உச்சத்தில் பிடித்தபோது, பெண்கள் நாற்காலியை விட்டு எழுந்து குலவை போட்டார்கள். என் கணவர் குட்டியானையின் கூரைமேல் ஏறி நின்று, "எம் பொண்டாட்டிடா! பாட்டு வந்திருச்சுடா!" என்று கத்திக்கொண்டிருந்தார். அவன் மனைவி சிரித்தாள். வாய்விட்டு, பல்லெல்லாம் தெரிய, பக்கத்தில் இருந்தவள் தோளில் அடித்து அடித்துச் சிரித்தாள். ஒன்ஸ்மோர் கேட்டார்கள். எங்களிடம் இருந்ததே அந்த ஒரு பாட்டுதான். அதையே மறுபடி வாசித்தோம், அதற்கும் மறுபடி கேட்டார்கள்.

இறங்கும்போது மேடைப் படியில் ஒரு அம்மா நின்றிருந்தார். காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கிறவர். அவருடைய வீட்டுக்காரர் இறந்தபோது பாடியது இவன்தான். அவரைக் கண்டதும் இவன் பழக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக ஒதுங்கினான்.

"இன்னாத்துக்கு ஒதுங்கற?" என்றார் அந்த அம்மா. "எங்க வூட்டு ஆளு போனப்ப நீதான் பாடுன. வைகாசியில எம் பொண்ணுக்குக் கண்ணாலம். அதுக்கும் நீதான் பாடணும். மண்டபத்துல, மேடையில, பொண்ணு மாப்ளைக்குப் பக்கத்துல நின்னு. பொண்டாட்டியையும் இட்டுகினு வா."

சாவு வீட்டிலிருந்து கிளம்புகிற யாரும் 'வரேன்' என்று சொல்லிக்கொள்வதில்லை. அத்தனை வீடுகளில் பாடியவன், ஒரு வீட்டிலும் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டுப் படி இறங்கியதில்லை. கட்டியிருந்த கையை எடுத்துவிட்டு அந்த அம்மாவுக்கு நேராக வந்து நின்றான்.

"வரேன்க்கா" என்றான். அவனுக்கே கேட்கவில்லை போலிருக்கிறது. மேடையில் பாடின குரலை எடுத்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி இன்னொரு தரம் சொன்னான். "வரேன்க்கா!"