வகுப்பில் இரண்டாம் பிள்ளை

எங்கள் பள்ளிக்கூடத்தில் மக்குப்பிள்ளை என்று ஒருவரும் இல்லை. மன்னார்த் தீவின் கரையில், ஓ.எல். என்ற பொதுப் பரீட்சை வகுப்புவரை இருந்த அரசாங்கப் பள்ளிக்கூடம் அது. ஓ.எல். எழுதுவது இரண்டு பேர், தேறுவது ஒருவர் என்றால் ஐம்பது வீதம் சித்தி என்று எங்கள் பள்ளி அதிபர் கல்விக் கந்தோரில் அதிகாரிகள் முன்னால் நிமிர்ந்து நின்று சொல்லுவார். ஆறாம் வகுப்பில் நாங்கள் ஏழு பேர். கடைசியாக வந்தாலும் ஏழாம் பிள்ளைதானே! சித்தப்பாவின் மகன் தவணை தவறாமல் ஏழாம் பிள்ளையாக வந்து, உப்புக்குளத்துச் சொந்தக்காரரிடம் பாராட்டும் பலகாரமும் வாங்கிக்கொண்டிருந்தான். அவர்கள் நாற்பது பிள்ளைகள் இருக்கும் பட்டணத்து வகுப்புகளின் கணக்கில் மெச்சினார்கள். நாங்களும் வாயைத் திறக்கவில்லை.

அந்த ஏழு பேரில் நாங்கள் மூன்று பேர் கோயில் பக்கம், மற்ற நாலு பேரும் பள்ளிவாசல் பக்கம். முதலாம் பிள்ளை எப்போதும் பரீதா. நான் தலைகீழாக நின்றாலும் இரண்டாம் பிள்ளைதான். முருங்கனில் கடை வைத்திருந்த மாமா, மருமகளான நான் முதலாம் பிள்ளையாக வந்தால் கைமணிக்கூடு வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். பரீதா இருக்கும்வரை தன் காசுக்கு ஒரு கேடும் இல்லை என்று அந்த மனுசனுக்கு நன்றாகத் தெரியும்.

எங்கள் கரையில் வாடைக்காற்று எடுத்ததும் சில குடும்பங்கள் சட்டி பானை, வலை, கோழி எல்லாவற்றோடும் வேறு கரைக்குப் போய், ஓலைவாடி அடித்துத் தங்கித் தொழில் செய்வார்கள். சோளகக் காற்று எடுத்தால் திரும்பி வருவார்கள். அதுவரை அந்தப் பிள்ளைகளின் இடம் வகுப்பு வாங்குப் பலகையில் வெறுமையாகவே இருக்கும். அதில் வேறு பிள்ளை போய்க் குந்தினால் அதிபரின் பிரம்பு பேசும்.

அந்த வருசம் மாரி தொடங்கும் நேரம், ஒலிபெருக்கி கட்டிய வாகனம் ஒன்று ஊருக்குள் வந்தது. முஸ்லிம்கள் எல்லாரும் ஊரை விட்டுப் போய்விட வேண்டும் என்றது. துவக்குத் தூக்கிய இயக்கக்காரர்கள் சொன்னால் சொன்னதுதான். ஆனால் எனக்கு அது அப்படி விளங்கவில்லை. காற்று மாறுகிறது, போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். மறுநாள் கடற்கரை முழுக்கச் சனம். மூட்டைகள், குழந்தைகள், நடக்க முடியாத கிழவர்களைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள். வலைகள் மட்டும் மணலில் கிடந்தன.

"அம்மா, வலையை விட்டிட்டுப் போகினம். அங்க போய் என்னத்தால மீன் பிடிக்கிறது?" என்று கேட்டேன்.

அம்மா என் வாயைப் பொத்தினார். அம்மா பயந்து நான் பார்த்தது அதுதான் முதல் தரம்.

பரீதாவை அவளுடைய உம்மா கையில் பிடித்து வள்ளத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். அவள் என்னைக் கண்டு, "சோதினைக்கு வந்திருவன்! என்ட இடத்தைப் புடிச்சுப்போடாதே!" என்று கத்தினாள். திமிரைப் பார் என்று நினைத்தேன்.

சோதினை வந்தது. பரீதா வரவில்லை. வகுப்பில் நாங்கள் மூன்று பேர் இரண்டு வாங்கில் இருந்து எழுதினோம். மற்ற இருவரில் ஒருவன் சித்தப்பாவின் மகன். மற்றவளுக்கு வாய்ப்பாடே வராது. முதலாம் பிள்ளை யார் என்பதில் எனக்கென்ன சந்தேகம்? வெறும் மணிக்கட்டைப் பார்த்து நேரம் சொல்லிக்கூடப் பழகிவிட்டேன்.

முடிவு சொல்லும் நாள் அதிபர் தேர்ச்சி அறிக்கையைக் கையில் எடுத்து என் பெயரை வாசித்தார். "இரண்டாம் பிள்ளை" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்தவளை மூன்றாம் பிள்ளை என்றார். சித்தப்பாவின் மகன் நாலாம் பிள்ளை. அவன் வாழ்நாளில் அப்படி முன்னேறியதே இல்லை, பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"சேர், அப்ப முதலாம் பிள்ளை ஆர்?"

"அந்தப் பிள்ளை வரயில்லை" என்றார் அதிபர். அவ்வளவுதான்.

இப்படியும் ஒரு அநியாயம் உண்டா? அழுதுகொண்டு வீட்டுக்கு ஓடினேன். அப்பா சண்டைக்குப் பேர்போனவர். மீன் முதலாளிமாரே அவருடைய வாய்க்குப் பயந்து ஒதுங்குவார்கள். மறுநாள் காலையில் என்னையும் இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார்.

"என்ன சேர் இது? எழுதாத பிள்ளைக்கு முதலாவது, எழுதின பிள்ளைக்கு இரண்டாவதோ?"

"ஓம், புள்ளி உங்கட மகளுக்குத்தான் கூட. நான் இல்லையெண்டு சொல்லயில்லை." அதிபர் கதிரையை விட்டு எழுந்து, குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பிள்ளையின்ர இடத்தை இவளுக்குக் குடுத்தா, அவையள் இனி வரமாட்டினம் எண்டு நானே சொன்ன மாதிரிப் போயிடும். என்னால ஏலாது. கோவிக்காதேங்கோ."

இப்போது அப்பா கத்தப்போகிறார் என்று நான் காதைக் கூர்மையாக்கிக்கொண்டேன். அப்பா கத்தவில்லை. "பேனையைத் தாங்கோ" என்று வாங்கி, இரண்டாம் பிள்ளை என்று எழுதியிருந்த அறிக்கையில் கையெழுத்து வைத்தார். என் அப்பா, சண்டையே போடாமல் தோற்றுவிட்டார்! வழி முழுக்க விம்மினேன். "சும்மா வா பிள்ளை" என்றார் அப்பா.

சோளகம் எடுத்தது. வாடிக்குப் போயிருந்த எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் கோழிகளோடு திரும்பின. பரீதா வரவில்லை. தூரக் கரையாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அந்தத் தவணை நான் மாடுமாதிரிப் படித்தேன். கணக்குக்கு நூறு. அப்படியும் இரண்டாம் பிள்ளை.

இந்த முறை அப்பாவை நம்பிப் பயனில்லை என்று நானே போனேன். அதிபர் தனியாக நின்று கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சேர், பரீதாவை முந்திறதுக்கு எனக்கு இன்னும் எத்தினை புள்ளி வேணும்?"

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு கரும்பலகைப் பக்கம் திரும்பி, எனக்கு முதுகைக் காட்டியபடி அசையாமல் நின்றார். மனதுக்குள் கூட்டிப் பார்க்கிறார் என்று எண்ணி, அவர் சொல்லப்போகும் விடைக்காக நானும் காத்துக்கொண்டு நின்றேன்.