கடைசி ஆறு வரி

என் அண்ணி விளம்பரப் பிரிவில் பதினான்கு வருடம் போன் எடுத்துவிட்டு, நாற்பத்தோரு வயதில் செய்தி மேசைக்கு வந்தார். மூன்று மாதம் பார்ப்பார்கள். சரிவராவிட்டால் பழைய நாற்காலிதான். உயிரே போனாலும் இனி அங்கே போகமாட்டேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் வந்தார். அதே பத்திரிகையில் பக்கம் கட்டுகிறவன் நான். அவர் தோற்றால் என் மானமும் சேர்ந்து போகுமே என்று எனக்குக் கொஞ்சம் உதறல்.

உதறல் வீண். வேலை அவருக்குச் சட்டென்று பிடிபட்டது. நிருபர்கள் அளந்துவிடுவதைத் தயவுதாட்சண்யம் பார்க்காமல் நீக்குவார். என்ன நடந்தது, எங்கே, யாருக்கு என்பதெல்லாம் முதல் பத்தியிலேயே வந்தாக வேண்டும். இடம் போதாவிட்டால் அடியிலிருந்து வெட்டுவது எங்கள் மேசையின் வழக்கம். முக்கியமானது மேலே இருக்கும், கீழே இருப்பது சக்கை என்று நம்பிக்கை. அண்ணி வெட்டும் வேகத்துக்கு ஆபீஸே 'கத்தரி' என்று பெயர் வைத்தது. அவருக்கு அதில் பெருமை வேறு.

இரண்டாவது மாதம் மூன்றாம் பக்கத்துக்கு ஒரு செய்தி வந்தது. மருத்துவமனையில் தவறான ஊசி போட்டு ஒரு நோயாளி மயங்கிவிட்டார், ஒரு நர்ஸ் மீது புகார். அந்த நர்ஸின் பெயரும் படமும் இருந்தன. மொத்தம் இருபத்தொரு வரி.

"ஆறு வரி போகணும் அண்ணி," என்றேன்.

கடைசி ஆறு வரியை வாசிக்காமலேயே எடுத்துவிட்டார்.

மறுநாள் காலை அந்த நர்ஸே பேப்பரோடு வந்து நின்றார். சத்தம் போடவில்லை. "அன்னிக்கு நான் லீவு. மருத்துவமனையே எழுதிக் கொடுத்துச்சு. அதை ஏன் போடல?"

நிருபர் அதைக் கடைசிப் பத்தியில் எழுதியிருந்தார்.

செய்தி ஆசிரியர் அண்ணியைக் காப்பாற்றத்தான் பார்த்தார். "நிருபர் அதை மேல எழுதியிருக்கணும்மா, தப்பு அவரோடது. எட்டாம் பக்கத்துல நாலு வரி வருத்தம் போட்டு முடிச்சுக்கலாம்." நானாக இருந்தால் தலையை ஆட்டிவிட்டு நழுவியிருப்பேன்.

அண்ணி நர்ஸைப் பார்த்தே சொன்னார்: "அவர் எழுதினாரு. நான்தான் படிக்காம வெட்டிட்டேன்." பிறகு ஆசிரியரிடம் திரும்பினார். "மூணாம் பக்கத்துல, அதே இடத்துல, அதே படத்தோட போடணும் சார். எட்டாம் பக்கத்தை யாரு படிக்கிறா? எங்க வீட்டுலயே அதை விரிச்சு மாவு சலிக்கிறோம்."

"பத்திரிகை மானம் என்ன ஆகும்? உங்க மூணு மாசம் இன்னும் முடியல, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார். பழைய இடத்துக்கே அனுப்புங்க. இதைப் போட்டுட்டு அனுப்புங்க."

எனக்குப் பயம்தான். அதைவிடப் பெருமையாக இருந்தது.

அவரே எழுதினார். 'இவர் அன்று பணியில் இல்லை' என்பது முதல் வரி. 'அந்தத் தகவலை நாங்கள் வெட்டிவிட்டோம்' என்பது இரண்டாவது. ஆசிரியர் இரண்டு முறை படித்துவிட்டு ஒரு சொல்லையும் தொடாமல் கையெழுத்துப் போட்டார். நான் ஒரு அழகுக் குறிப்பைத் தூக்கிவிட்டு இடம் செய்தேன்.

அடுத்த நாள் அண்ணி பையைக் கட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆசிரியர் அன்றைய செய்திக் கட்டை அவர் முன்னால் வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார். அண்ணி மூச்சு விடுவதற்குள் போன் அடித்தது. நர்ஸ்தான். அவர் நன்றி சொல்லவில்லை; சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

"நேத்து மத்தியானம் ஒருத்தர்கூட எங்கிட்ட ஊசி போட்டுக்கல. இன்னிக்குக் காலையில ஒரு பெரியவர் கையை நீட்டினாரு. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."